போட்டியா, திரையிடலா? ரசிகர் மாநாடுகளில் வீடியோக்களுக்கு எது பொருந்தும்

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன், அறிவியல் புனைவு, தொலைக்காட்சித் தொடர் என்று ஏதேனும் ஒன்றன் ரசிகர்கள் கூடும் மாநாட்டில் வீடியோப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலரின் கையில் பெரும்பாலும் இருப்பவை ஓர் அரங்கு, ஒரு புரொஜெக்டர், சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், உதவிக்கு நான்கைந்து நண்பர்கள் ஆகியவைதாம். ரசிகர்கள் தாங்களே வெட்டித் தொகுத்து அனுப்பும் வீடியோக்களை அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வடிவில் காட்டுவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நடுவர்களையோ பார்வையாளர்களையோ வைத்து மதிப்பெண் போட்டு, பிரிவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேடயம் கொடுக்கலாம். அல்லது வெற்றி தோல்வி எதுவும் இல்லாமல், வீடியோக்களை ஒரு வரிசையில் கோத்துத் திரையிட்டுவிட்டு, விருப்பமுள்ளவர்களோடு உட்கார்ந்து பேசலாம். அமெரிக்காவில் இந்த இரண்டு மரபுகளுமே பல ஆண்டுகளாக இருந்து வருகின்றன. புதிதாகவோ சிறிதாகவோ நடக்கும் மாநாட்டுக்குத் திரையிடலே பொருந்தும், போட்டி என்பது போதிய படைப்புகளும் போதிய ஆட்களும் சேர்ந்த பிறகே பலன் தரும் என்பது என் முடிவு. திரையிடலுக்கும் குறைகள் உண்டு. அவற்றில் ஒன்று போட்டியில் உள்ள எந்தக் குறையையும் விடப் பெரியது என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே ரசிகர் வீடியோ என்று குறிப்பிடுவது, ஏற்கனவே வெளிவந்த படம் அல்லது தொடரின் காட்சிகளை எடுத்து, ஒரு பாடலின் மேல் பொருத்தி, புதிதாக ஒரு பொருள் தோன்றும்படி தொகுத்த மூன்று நான்கு நிமிடப் படைப்பை. நடிகர்களின் பிறந்தநாளுக்கு நம் ஊர் ரசிகர்கள் யூடியூபில் ஏற்றும் மேஷப் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. அமெரிக்காவில் இதற்கு இரண்டு கிளைகள் உண்டு. 1975-இல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, ‘ஸ்டார் டிரெக்’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் அசையாப் படங்களை ஸ்லைடு புரொஜெக்டரில் ஒவ்வொன்றாக மாற்றி, கேசட்டில் ஓடும் பாட்டுக்கு ஏற்றபடி காட்டினார். அதிலிருந்து வளர்ந்தது ‘விடிங்’ எனப்படும் கிளை. அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற 21 வயது இளைஞர் இரண்டு வி.சி.ஆர்.களை, அதாவது வீடியோ கேசட் பதிவுக் கருவிகளை, ஒன்றோடொன்று இணைத்து, ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற அனிமேயின் மிகக் கொடிய சண்டைக் காட்சிகளை, அன்பைப் பாடும் ஒரு பீட்டில்ஸ் பாட்டோடு சேர்த்தார். அனிமே மியூசிக் வீடியோ, சுருக்கமாக ஏ.எம்.வி., என்ற கிளை அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். கருவியும் வேலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், முதல் கிளை பெரும்பாலும் திரையிடலின் பக்கமும் இரண்டாவது பெரும்பாலும் போட்டியின் பக்கமும் போயின.

போட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் அனிமே எக்ஸ்போ, பால்டிமோரில் பல ஆண்டுகள் நடந்து 2017 முதல் வாஷிங்டனுக்கு மாறிய ஒட்டாகான், பாஸ்டன் நகரின் அனிமே பாஸ்டன் போன்ற பெரிய மாநாடுகளில் ஏ.எம்.வி. போட்டி மாநாட்டின் முக்கிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. விதிகள் இடத்துக்கு இடம் சற்று மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றேதான். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே கடைசி நாள் வந்துவிடும். ஒருவர் இத்தனை வீடியோக்கள்தான் அனுப்பலாம், இத்தனை நிமிடங்களைத் தாண்டக்கூடாது, காட்சிகளில் சப்டைட்டிலோ தொலைக்காட்சி நிலையத்தின் முத்திரையோ தெரியக்கூடாது, நடுவருக்கு ஆள் தெரியாமல் இருப்பதற்காக எடிட்டரின் பெயர் வீடியோவுக்குள் வரக்கூடாது என்பவை பொதுவான நிபந்தனைகள். வந்தவற்றை ஒரு சிறு குழு பார்த்து முன்தேர்வு செய்து, ஆக்ஷன், சோகம், நகைச்சுவை, காதல், டிரெய்லர் போன்ற பிரிவுகளாகப் பிரித்து இறுதிச் சுற்றுக்கு அனுப்பும். அரங்கில் பார்வையாளர்கள் வாக்களிப்பார்கள்; அதோடு நடுவர்களுக்கென்று தனியாக ஒரு பரிசும் இருப்பதுண்டு.

இதற்கு ஆகும் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் போட்டி யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது புரியும். 60 வீடியோக்கள் வந்தன என்று வைத்துக்கொண்டால், சராசரியாக நான்கு நிமிடம் என்றாலும் ஒருமுறை பார்க்கவே நான்கு மணி நேரம் வேண்டும். நியாயமாக நடந்துகொள்ள நினைக்கும் முன்தேர்வாளர் ஒவ்வொன்றையும் இரண்டு முறையாவது பார்ப்பார் என்பதால் எட்டு மணி நேரம், அது ஓர் ஆளுக்கு. இரண்டு மணி நேர அரங்க நேரத்தில் அறிவிப்பு, வாக்கெடுப்பு, இடையில் ஏதாவது கோப்பு ஓடாமல் நின்று போகும் பதற்றம் ஆகியவற்றுக்கு 20 நிமிடத்தைக் கழித்தால் 25 வீடியோக்களுக்குத்தான் இடம். மீதி 35 பேருக்கு ‘தேர்வாகவில்லை’ என்று கடிதம் எழுத வேண்டும். அதற்கு அவர்களில் சிலர் ஏன் என்று கேட்டுப் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலுக்கும் யாராவது பொறுப்பாகப் பதில் எழுத வேண்டும். இவ்வளவும் மாநாட்டுக்கு முந்தைய அந்தச் சில வாரங்களில், வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியவை.

மறுபக்கம், 12 வீடியோக்களே வந்தால் நிலைமை இதைவிடச் சங்கடம். ஐந்து பிரிவுகளில் பிரித்தால் பிரிவுக்கு இரண்டு. வந்த அனைவருமே இறுதிச் சுற்றுக்காரர்கள். ஒரே ஓர் ஆளை வென்றதற்காக மேடையேறிக் கேடயம் வாங்கும் எடிட்டருக்கு அது பெருமையாகவும் இருக்காது, தோற்றவருக்கு ஆறுதலாகவும் இருக்காது. பிரிவுகளைக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் நகைச்சுவையும் சோகமும் நேருக்கு நேர் மோதும். நிரம்பிய அரங்கில் அந்த மோதலில் சிரிப்புதான் ஜெயிக்கும். சிரிப்பு காதில் விழும், கண்ணீர் விழாது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் நாமும் சிரிப்போம், வாக்குச்சீட்டை எடுக்கும்போது அந்தச் சத்தம்தான் நினைவில் நிற்கும்.

வாக்கெடுப்பின் இயக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் போட்டியின் நியாயம் முழுவதும் அங்கேதான் தங்கியிருக்கிறது. ஆளுக்கு ஒரே வாக்கு என்ற முறையில், 300 பேர் அமர்ந்த அரங்கில் சோகப் பிரிவில் ஐந்து வீடியோக்கள் ஓடுகின்றன என்று கொள்வோம். அவற்றில் இரண்டு அந்த ஆண்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரே தொடரிலிருந்து எடுத்தவை. அந்தத் தொடரின் ரசிகர்கள் 160 பேர் அந்த இரண்டுக்கும் 85, 75 என்று பிரிந்து வாக்களிக்க, வேறொரு வீடியோ 90 வாக்கில் வென்றுவிடும். பாதிக்கும் மேற்பட்டோர் விரும்பியது ஒன்று, வென்றது வேறொன்று. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் இந்தப் பிளவுச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனால் அப்போதும் மதிப்பெண் போவது தொகுப்புக்கா, தமக்குப் பிடித்த தொடருக்கா என்ற கேள்வி அப்படியே நிற்கும். யாரும் பார்த்திராத பழைய அனிமேயில் மாதக்கணக்காக உழைத்த எடிட்டர், கதாநாயகன் திரையில் தோன்றிய நொடியிலேயே கைத்தட்டல் வாங்கும் வீடியோவோடு மோத வேண்டியிருக்கிறது.

வரிசையும் ஒரு சிக்கல். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற குயின் எலிசபெத் இசைப் போட்டியில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்படுவது; அதன் முடிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஃப்ளோரஸும் கின்ஸ்பர்கும், பின்நாட்களில் வாசித்தவர்களுக்குச் சராசரியாக மேலான இடம் கிடைத்திருப்பதை 1996-இல் எடுத்துக்காட்டினார்கள். தேர்ந்த இசை நடுவர்களுக்கே அப்படியென்றால், பசியோடு வந்து பாதியில் எழுந்துபோய் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும் மாநாட்டுப் பார்வையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பிரிவுக்கு மட்டும் வந்தவர் எல்லாப் பிரிவுக்கும் வாக்களிக்காமல் தடுக்க, ஒவ்வொரு பிரிவும் முடிந்தவுடன் அதற்கான சீட்டை வாங்கிவிடுவது பழைய வழி. இப்போது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போனில் வாக்களிக்கும் வழி வந்திருப்பதால் எண்ணும் வேலை குறைகிறது; ஆனால் அந்த இணைப்பை ஒருவர் நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டால் அரங்குக்கே வராதவர்களும் வாக்களிப்பார்கள். குறியீட்டைப் பிரிவின் கடைசி வீடியோ முடிந்தபிறகே காட்டி, ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவது ஓரளவுக்கு உதவும்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். என்னை யோசிக்க வைப்பது வேறொன்று: போட்டியின் விதிகள், அனுப்பப்படும் வீடியோக்களை மட்டுமல்லாமல், அடுத்த ஆண்டு உருவாகப்போகும் வீடியோக்களையும் வடிவமைத்துவிடுகின்றன. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் இசை வீடியோவில் இல்லை, ரசிகர் குறும்படத்தில் இருக்கிறது. 2002-இல் அந்தப் படங்களைத் தயாரித்த லூகாஸ் ஃபிலிம் நிறுவனமும், இணையத்தில் குறும்படங்கள் வெளியிட்ட ஆட்டம் ஃபிலிம்ஸும் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர் திரைப்பட விருதுகளில், கேலிப் படங்களும் ஆவணப்படங்களும் மட்டுமே ஏற்கப்பட்டன. அந்தக் கதையுலகில் நடக்கும் புதிய கதையைச் சொல்லும் படங்களுக்கு 2007 வரை கதவு திறக்கவில்லை. அந்த ஐந்தாண்டுகளில் அதிகாரபூர்வமான திரையில் தன் படம் வர வேண்டும் என்று நினைத்த ரசிகர், தான் உருகி உருகி நேசித்த ஒன்றைக் கேலி செய்துதான் உள்ளே போக முடிந்தது. மாநாட்டுப் போட்டிகள் இவ்வளவு வெளிப்படையாக எதையும் தடுப்பதில்லை என்றாலும் சாய்வு அதே திசையில்தான். ஒரே தடவை ஓடும், வாக்கும் உடனே எடுக்கப்படும் என்றால், முதல் பார்வையிலேயே பிடிபடும் வீடியோவுக்கே வெற்றி வாய்ப்பு. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஒரு கட் ஏன் அந்தச் சொல்லில் விழுகிறது என்று விளங்கும் வீடியோவை அனுபவமுள்ள எடிட்டர் போட்டிக்கு அனுப்பவே மாட்டார். பல எடிட்டர்கள் ஒரே வீடியோவை ஆண்டு முழுவதும் மாநாடு மாநாடாக அனுப்புவதால் ஒரு பாணி எங்கே வென்றதோ அது எல்லா இடத்துக்கும் பரவுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் போட்டியை ஒதுக்கித் தள்ள முடியாத காரணங்கள் உண்டு. முதலாவது, கடைசி நாள். முக்கால்வாசி முடிந்து எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் தூங்கும் வீடியோக்கள் எந்த எடிட்டரின் கணினியிலும் கிடக்கும். அவற்றை முடிக்க வைப்பது பரிசைவிட அந்தத் தேதிதான். இரண்டாவது, பெயர் மறைத்து நடக்கும் போட்டியில் யாருக்கும் தெரியாத பதினேழு வயதுப் பிள்ளை, பத்தாண்டு அனுபவம் உள்ளவரை வீழ்த்த முடியும். யாரையும் தெரியாமல் உள்ளே வருபவருக்கு இதைவிட நேரான வாசல் இல்லை. மூன்றாவதாக, தொழில்நுட்பத் தரம். காட்சி நீளவாக்கில் இழுபட்டிருந்தாலோ, அசையும் உருவங்களின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தாலோ, பாட்டு எம்பி3-இலிருந்து எம்பி3-ஆக மாறி மாறிக் கரகரத்தாலோ முன்தேர்விலேயே கழிந்துவிடும் என்ற பயம் எடிட்டர்களைக் கவனமாக இருக்க வைக்கிறது. கூட்டம் என்ற காரணம் வேறு இருக்கிறது: யார் ஜெயிப்பார் என்ற ஆவல் ஓர் அரங்கை நிரப்புவதுபோல ‘நல்ல வீடியோக்கள் காட்டப்படும்’ என்ற அறிவிப்பு நிரப்பாது.

திரையிடல் மரபின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் விவிட்கானைப் பார்க்க வேண்டும். 2002 முதல் 2018 வரை ஆகஸ்ட் மாதங்களில் சிகாகோ பகுதியில் நடந்த அந்த மாநாடு ரசிகர் வீடியோக்களுக்கென்றே நடந்தது. அங்கே பரிசு கிடையாது. அதன் நடுநாயகமான ‘பிரீமியர்ஸ்’ திரையிடலில் அதுவரை யாரும் பார்த்திராத வீடியோக்கள் ஓடும். விளக்கை அணைத்து, பேசாமல், பாட்டோடு சேர்ந்து பாடாமல் பார்ப்பது அங்கே வழக்கமாக இருந்தது. கூட்டத்தின் சிரிப்பை நம்பி நிற்காத வீடியோ, அந்த அமைதியில்தான் பிழைக்கும். ஆடிக் களிக்க ‘கிளப் விவிட்’ என்று தனியாக ஓர் இரவு நடனக் கொண்டாட்டம் இருந்தது. அங்கே ஓடியவை ஆடுவதற்கேற்ற வீடியோக்கள். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு ஒருவர் பழையதும் புதியதுமாகக் கோத்துக் காட்டும் திரையிடல்களும் உண்டு. இவற்றுக்குப் பிறகு வந்த ‘விட் ரிவ்யூ’ என்ற அமர்வுதான் எனக்கு எல்லாவற்றிலும் மதிப்புடையதாகத் தோன்றுவது. பிரீமியர்ஸில் ஓடிய வீடியோக்களைப் பற்றி, எது வேலை செய்தது, எது குழப்பியது, எந்த இடத்தில் பாட்டும் காட்சியும் விலகிப்போயின என்று அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். போட்டியில் தோற்ற எடிட்டருக்குக் கிடைப்பது காரணம் சொல்லாத ஒரு முடிவு. இங்கே கிடைத்தது முடிவு சொல்லாத காரணங்கள். அடுத்த வீடியோவைச் செய்யப்போகிறவருக்கு எது உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி அந்தப் பெரிய குறை. போட்டி இல்லை என்பதால் தேர்வும் இல்லை என்று ஆகிவிடாது. எல்லாருக்கும் இடம் இருக்கும்வரை திரையிடல் சமத்துவமானது. இடத்தைவிட வீடியோக்கள் கூடிய நாளிலேயே யாரோ ஒருவர் சிலவற்றைச் சேர்த்துச் சிலவற்றை விடுகிறார். போட்டியிலாவது விதி எழுத்தில் இருக்கிறது, பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது, தோற்றவருக்குத் தோற்றது தெரிகிறது. திரையிடலில் ஒருங்கிணைப்பாளர் தமக்குத் தெரிந்த எடிட்டர்களிடம் கேட்டு வாங்குவார். கேட்கப்படாதவருக்குத் தாம் விடுபட்டோம் என்பதே தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே பத்துப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கும், அதைக் கெட்ட எண்ணம் என்று சொல்லவும் முடியாது, பழக்கம்தான் காரணம். ஒரே வீடியோவை முதலில் வைப்பதா, அலுத்துப்போன கடைசிக் கால்மணி நேரத்தில் வைப்பதா என்பதும் ஒரு தீர்ப்பே. இதற்கு மருந்து எளிது, ஆனால் பலர் செய்வதில்லை: வரும் வரிசைப்படி எடுத்துக்கொள்வதா, குலுக்கலா, குழுத் தேர்வா என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும், ஒருங்கிணைப்பாளர் ஆண்டுதோறும் மாற வேண்டும், அரங்க நேரத்தில் ஒரு பகுதியை முதன்முறை அனுப்புவோருக்கென்று ஒதுக்க வேண்டும். கடைசி நாளையும் போட்டியைப் போலவே கறாராக வைத்தால்தான் மேலே சொன்ன முதல் நன்மை திரையிடலுக்கும் கிடைக்கும்.

வெளிப்படையான விமர்சனம் என்பதையும் அப்படியே நகல் எடுத்துவிட முடியாது. ஒருவரையொருவர் ஆண்டுகளாக அறிந்தவர்கள் கூடிய இடத்தில் பொருந்திய முறை, முதல் வீடியோவைக் கொண்டுவந்த பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்துச் செய்தால் அவரை மறுபடி பார்க்க முடியாமல் போகலாம். ‘என் வீடியோவைப் பற்றிப் பேசலாம்’ என்று விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம் வைத்து, அதில் குறியிட்டவர்களின் வீடியோக்களை மட்டும் எடுத்துக்கொள்வது போதும்.

சட்டம் பற்றிய ஒப்பீடு சுருக்கமானது, ஆனால் போட்டி நடத்துவோர் அதைக் கவனித்தே தீர வேண்டும். காட்சியும் பாட்டும் பிறருடையவை. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, அனுமதி பெறாமலே பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம் தரும் ‘நியாயமான பயன்பாட்டை’த் தீர்மானிக்கச் சொல்லும் நான்கு அளவுகோல்களில் முதலாவதே, நோக்கம் வணிக ரீதியானதா என்பதைக் கேட்கிறது. 2010-இல் டிவிடியின் நகல்தடுப்புப் பூட்டை உடைத்துக் காட்சிகளை எடுக்க ரசிகர் வீடியோ செய்வோருக்குக் கிடைத்த விலக்கும், வணிக நோக்கமற்ற வீடியோ என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. ரசிகர்கள் இலவசமாகச் செய்தாலும் உரிமையாளர் விட்டுவிடுவார் என்ற உறுதியும் இல்லை: 2005 நவம்பரில் விண்ட்-அப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம், இவானசென்ஸ், சீதர், கிரீட் ஆகிய தன் குழுக்களின் பாடல்களைப் பயன்படுத்திய வீடியோக்களை நீக்கும்படி ஏ.எம்.வி.களுக்கான முதன்மை இணையதளத்துக்கு வழக்கறிஞர் மூலம் எழுதியதில் ஏறத்தாழ 3,000 வீடியோக்கள் நீங்கின. இந்தப் பின்னணியில் பரிசுப் பணம் வைப்பதும், நுழைவுக் கட்டணம் வாங்குவதும் தேவையில்லாமல் தலையைக் கொடுப்பதாகும். கேடயம், அடுத்த ஆண்டுக்கான இலவச அனுமதி அட்டை என்ற அளவோடு போட்டிகள் நின்றுகொள்வது நல்லது. திரையிடலுக்கு இந்தக் கவலை இல்லை.

எந்த வழியானாலும் மாறாத கடமை ஒன்று உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ‘போகிமான்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ரசிகர் வீடியோக்களில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு வெள்ளை மின்னல் வைப்பது மிகச் சாதாரணம். இணையதளங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல், நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்கிறது; பெரிய திரையில், இருட்டறையில் அதைத் தளர்த்த எந்தக் காரணமும் இல்லை. முன்தேர்வு நடக்கும் போட்டியில் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. வந்ததையெல்லாம் ஓட்டும் திரையிடலில், யாராவது ஒருவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்து, எச்சரிக்கை தேவையானவற்றைக் குறித்து அச்சிட்ட பட்டியலில் போட வேண்டும். திரையிடலை ‘வேலை இல்லாத வழி’ என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். திரையிடலின் முடிவில் ‘பார்வையாளர் விருப்பம்’ என்று ஒரே ஒரு பரிசை மட்டும் சேர்ப்பது பலர் செய்யும் சமரசம். இருப்பவற்றில் மோசமான ஏற்பாடும் அதுதான் என்பேன். ஒரே ஒரு வாக்கெடுப்பு வந்தவுடன் அனைவரும் போட்டிக்கான மனநிலைக்கு மாறிவிடுகிறார்கள்; பிரிவுகளும் விதிகளும் முன்தேர்வும் இல்லாததால் போட்டியின் பாதுகாப்புகள் மட்டும் காணாமல் போகின்றன. கலப்பதைவிடப் பிரித்து வைப்பதே நல்லது. அப்படிப் பிரித்து நடத்த, வீடியோவை விட்டுவிட்டு எடிட்டரின் திறமையைப் போட்டிக்கு எடுத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அனிமே வீக்எண்ட் அட்லாண்டாவில் ‘அயர்ன் எடிட்டர்’ என்ற பெயரில், ஜப்பானியச் சமையல் போட்டி நிகழ்ச்சியைப் பின்பற்றி, பார்வையாளர்கள் முன்னிலையில் அங்கேயே உட்கார்ந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் வெட்டித் தொகுக்கும் மோதல் நடத்தப்பட்டது. இதில் தோற்றவர் இழப்பது ஒரு மாலைப் பொழுதை மட்டுமே, ஆறு மாத உழைப்பை அல்ல; பார்ப்பவர்களுக்கும் ஒரு கட் எப்படிப் பிறக்கிறது என்பது நேரிலேயே தெரிகிறது. இரண்டு கணினிகளும் இரண்டு துணிச்சல்காரர்களும் கிடைக்கும் எந்த மாநாடும் திரையிடலோடு இதைச் சேர்த்து நடத்தலாம், போட்டியின் பரபரப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் அது போதும்.

ஆகவே, முதல் ஆண்டுகளில் இருக்கும் மாநாடு, ஒரே கல்லூரியையோ ஒரே ஊரையோ நம்பியிருக்கும் மாநாடு, வீடியோப் பிரிவைத் தனியாளாகக் கவனிப்பவர் உள்ள மாநாடு ஆகியவை திரையிடலையே எடுத்துக்கொள்ள வேண்டும். கறாரான கடைசி நாள், எழுதி வைத்த தேர்வு முறை, மின்னல் சோதனை, ஒலி அளவைச் சமன் செய்தல், மறுநாள் காலையில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரப் பேச்சு என்ற ஐந்தும் இருந்தால் அது முழுமையான நிகழ்ச்சியே. ஏற்கனவே போட்டி நடத்தி, கூட்டம் நிரம்பும் மாநாடு அதை நிறுத்தத் தேவையில்லை. மதிப்பெண் முறைக்கு மாறுவது, வரிசையைக் குலுக்கலில் போடுவது, எடிட்டர்களே ஒருவரையொருவர் மதிப்பிட்டு வழங்கும் பரிசு ஒன்றைச் சேர்ப்பது ஆகியவை அதன் பெரிய குறைகளைக் குறைக்கும். போட்டியிலிருந்து திரையிடலுக்குத் திரும்புவது கடினம், எடிட்டர்கள் அதை வீழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்; திரையிடலிலிருந்து போட்டிக்கு எந்த ஆண்டிலும் போகலாம். அந்த ஆண்டு எது என்று கேட்டால், ஒரு கடைசி நாளுக்குள் வரும் வீடியோக்கள் அரங்க நேரத்தைப் போல இரண்டு மடங்காகி, ஒரு பிரிவுக்கு ஐந்தாறு வீடியோக்கள் தேறி, எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க மூன்று பேராவது முன்வரும் ஆண்டு என்பேன். அப்போதும் வெள்ளிக்கிழமை இரவில் சிறிய அறை ஒன்றைத் திரையிடலுக்கென்று விட்டுவைத்தால், இறுதிச் சுற்றுக்கு வராத வீடியோக்களில் அனுப்பியவர் சம்மதிப்பவற்றை அங்கே ஓட்டிவிடலாம். ‘தேர்வாகவில்லை’ என்ற அந்தக் கடிதத்திலேயே அறை எண்ணையும் நேரத்தையும் எழுதி அனுப்பிவிடலாம்.